நல்ல எண் சொல்லும் பொய்

வயதான பூனையின் ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியேட்டினின் 1.1 என்று வந்தால், சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றுதான் யாரும் சொல்வார்கள். அதே தாளில் இரண்டு வரி தள்ளி, தைராய்டு ஹார்மோனான டி-4 9.2 என்று இருந்தால் அப்படிச் சொல்லக் கூடாது. தைராய்டை அடக்கிய பிறகு அந்த 1.1 என்பது 1.3-இல் நின்றுவிடலாம், 2.4-க்கு ஏறியும் விடலாம். இரண்டில் எது நடக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் சோதனை எதுவும் இன்றுவரை கிடையாது. தைராய்டை அடக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடைகளின் பின்கட்டிலும், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வீடுகளிலும் பூனை வளர்ப்பதற்குப் பெரிய காரணம் எலி. செடியில் தொங்கும் காயையே கடித்துத் தின்னும் எலி, மூட்டை கட்டி வைத்ததை விட்டுவைக்காது. இப்படி வேலைக்கு வந்த பூனை 12, 13 வயது வரை உயிரோடிருப்பது முன்பெல்லாம் அபூர்வம். நாய், ஜீப், விஷம் தின்ற எலி என்று ஏதாவது ஒன்று அதற்கு முன்பே முடித்துவிடும். இன்றைக்குத் தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே வைத்துப் பாக்கெட் தீனி போடும் வீடுகள் பெருகிவிட்டன. பூனைகளுக்கு முதுமை வாய்க்கிறது. முதுமையோடு சேர்ந்து வரும் நோய்களும் வாய்க்கின்றன. அவற்றில் தைராய்டு மிகைச்சுரப்பும் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு வரும் ஜோடி.

முதலில் தைராய்டைப் பார்ப்போம். கழுத்தில் மூச்சுக்குழாயின் இருபுறமும் ஒட்டியிருக்கும் இந்தச் சுரப்பி, உடல் எந்த வேகத்தில் எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. வயதான பூனைகளில் இந்தச் சுரப்பியில் சிறு கட்டிகள் வளர்ந்து, மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் ஹார்மோனைக் கொட்டத் தொடங்கும். சுமார் 70 சதவீதப் பூனைகளில் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டிருக்கும். நல்ல வேளையாக, இவற்றில் புற்றுநோய் வெகு குறைவு. நூற்றுக்கு இரண்டு மூன்றைத் தாண்டாது.

வீட்டில் தெரியும் அடையாளம் விசித்திரமானது. பூனை தின்கிறது, மறுபடி கேட்கிறது, அடுப்படியில் காலைச் சுற்றிக்கொண்டே கத்துகிறது. ஆனால் இளைத்துக்கொண்டே போகிறது. “தின்னது எங்க போகுதுன்னே தெரியல” என்பார்கள். இரவெல்லாம் தூங்காமல் நடமாடும். ரோமம் கலைந்து கிடக்கும். அடிக்கடி வாந்தி. நெஞ்சில் கை வைத்தால் இதயம் நிமிடத்துக்கு 240 முறைக்கு மேலும் அடிக்கலாம். தண்ணீர் நிறையக் குடிக்கும், சிறுநீர் நிறையப் போகும். போடி வெயிலில் இந்தக் கடைசி அடையாளம் எளிதில் தப்பிவிடும். சித்திரை மாதம், தண்ணீர் குடிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிடுவார்கள். வயதான பூனை பசியோடு சுறுசுறுப்பாக இருந்தால் யாருக்கும் சந்தேகமும் வராது. கிழவனுக்கு இளமை திரும்பியதாக நினைத்துச் சிரிப்பார்கள்.

பூனைக்கு இப்படி ஒரு நோய் உண்டு என்பதே மருத்துவ உலகுக்குத் தெரிந்தது 1979-இல்தான். நியூயார்க்கில் மார்க் பீட்டர்சன் என்ற கால்நடை மருத்துவர் அதை முதலில் விவரித்தார். அடுத்த ஆண்டே பாஸ்டனில் ஜீன் ஹோல்ஸ்வொர்த்தும் அவருடைய சகாக்களும் 10 பூனைகளின் விவரத்தை வெளியிட்டார்கள். அதற்கு முன் பூனைகளை அறுத்துப் பார்த்த நோய்க்கூறு நிபுணர்கள் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தும் இது அவர்கள் கண்ணில் படாமல் போனதா, அல்லது உண்மையிலேயே புதிதாக முளைத்த நோயா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. புதிதாகத்தான் பெருகியது என்ற பக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 10 வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு இது வருகிறது. ஹாங்காங்கில் அதே வயதுப் பூனைகளைச் சோதித்தபோது சுமார் 4 சதவீதம்தான். டின் உணவு, அந்த உணவில் ஏறி இறங்கும் அயோடின் அளவு, 1970-களிலிருந்து மெத்தையிலும் சோபாவிலும் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் ரசாயனங்கள் என்று பல சந்தேகக் கைதிகள் உண்டு. சோபாவில் புரண்டு உடம்பை நக்கும் பிராணி அந்தத் தூசியை எவ்வளவு உள்ளே தள்ளும் என்று எண்ணிப் பாருங்கள். 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பூனை ரத்தத்தில் இந்த ரசாயனம் மனிதர்களுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் இருப்பதைக் காட்டினார்கள். குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லை. ஏலத்தோட்டத்தில் அடிக்கும் மருந்துகளைப் பற்றி இங்கே உடனே கேள்வி எழும். நியாயமான கேள்விதான். ஆனால் தோட்டத்துப் பூனைகளையும் ஊர்ப் பூனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணாமல் அதற்குப் பதில் சொல்வது வம்பு.

மலைக்காரர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். கழுத்தில் கழலை என்றாலே அயோடின் குறைவு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அதற்கு அடிப்படை உண்டு. மழை கொட்டும் சரிவுகளில் மண்ணிலுள்ள அயோடின் கரைந்து கடலுக்குப் போய்விடும். 1956-இல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று நாட்டுக்குக் காட்டியது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் அதன் தொடர்ச்சியாக வந்தது. தூத்துக்குடி உப்பளங்களை வைத்துக்கொண்டிருக்கும் தமிழ்நாடு, 2018-19-ஆம் ஆண்டின் தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் மாநிலங்களிலேயே கடைசியில் நின்றது. சுமார் 62 சதவீத வீடுகள்தான். மனிதர்களைப் பொறுத்தவரை இது வெட்கப்பட வேண்டிய கணக்கு. ஆனால் காங்ராக்காரரின் கழலை பட்டினி கிடக்கும் சுரப்பி. அயோடின் போதாமல் வீங்கியது. வயதான பூனையின் கழலை கட்டுக்கடங்காமல் சுரப்பது. இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். பூனைக்குக் கழலை என்று கேள்விப்பட்டுக் கல்லுப்பு கரைத்து ஊற்றுவது ஆகாத வேலை.

இனி சிறுநீரகம். பூனையின் மூதாதை பாலைவனப் பிராணி. தண்ணீரை மிச்சம் பிடிப்பதில் அதன் சிறுநீரகத்துக்கு நிகரில்லை. தேவைப்பட்டால் சிறுநீரின் ஒப்படர்த்தியை 1.080-க்கு மேலும் கொண்டுபோகும். ஆனால் இருப்பு குறைவு. மனிதரின் ஒரு சிறுநீரகத்தில் நெஃப்ரான் என்ற வடிகட்டும் அலகுகள் சுமார் 10 லட்சம். பூனைக்கு 2 லட்சம்தான். ஒருமுறை செத்த நெஃப்ரான் திரும்ப வராது. வயது ஏற ஏற இவை ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். மிஞ்சியவை கூடுதலாக உழைத்து ஈடுகட்டும். அதனால் முக்கால்வாசி நெஃப்ரான்கள் போகும்வரைகூட ரத்தத்தில் கிரியேட்டினின் கணிசமாக ஏறாது.

தைராய்டு மிகையாகச் சுரக்கும்போது என்ன ஆகிறது? இதயம் வேகமாகவும் வலுவாகவும் அடிக்கிறது. உடலெங்கும் சிறு ரத்தக்குழாய்கள் விரிகின்றன. ரத்த அழுத்தம் விழுந்துவிடாமல் தடுக்கச் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைக் கூடுதலாக விட்டு, உப்பையும் நீரையும் உடலில் நிறுத்துகிறது. ரத்தத்தின் கன அளவு கூடுகிறது. இதயம் இன்னும் அதிகமாகத் தள்ளுகிறது. நெஃப்ரானுக்குள் நுழையும் குழாய் விரிந்து, உள்ளே அழுத்தம் ஏறி, மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு நெஃப்ரானும் தன் இயல்புக்கு மீறி வடிகட்டுகிறது. ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்தில் ஆள் பாதியாகக் குறைந்த பிறகும், மேஸ்திரி பின்னால் நின்று விரட்டிக்கொண்டே இருந்தால் சாயங்காலக் கணக்கு பழையபடியே வரும். கணக்கை மட்டும் பார்க்கும் முதலாளிக்கு ஆள் குறைந்தது தெரியாது.

இதோடு இன்னொரு வேடிக்கையும் சேர்ந்துகொள்கிறது. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தைராய்டு பூனையின் தசை கரைந்துபோயிருக்கும். நான்கு கிலோவிலிருந்து மூன்று கிலோவுக்கு இறங்கிய பூனை அன்றாடம் உற்பத்தி செய்யும் கிரியேட்டினினே குறைவு. ஆக, வடிகட்டுவது கூடுதல், வடிகட்ட வேண்டியது குறைவு. இரண்டும் சேர்ந்து எண்ணைக் கீழே இழுத்துவிடுகின்றன. 2015-இல் புழக்கத்துக்கு வந்த எஸ்டிஎம்ஏ என்ற சோதனை தசையைச் சாராதது; அதனால் இரண்டாவது கோளாறிலிருந்து தப்பிக்கும். ஆனால் முதல் கோளாறிலிருந்து அதற்கும் தப்பிக்க வழியில்லை. வடிகட்டும் வேகம் கூடினால் எஸ்டிஎம்ஏ-யும் இறங்கத்தான் செய்யும். சிறுநீரின் ஒப்படர்த்தி? 1.035-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் நன்றாக அடர்த்தியாக்குகிறது என்று வழக்கமாகச் சொல்வோம். தைராய்டு பூனையில் அதை நம்பியும் ஏமாந்திருக்கிறார்கள். நல்ல ஒப்படர்த்தி இருந்த பூனைகளிலும் சிகிச்சைக்குப் பிறகு சிறுநீரகக் குறை வெளிப்பட்டிருக்கிறது. மறுபக்கம், தைராய்டு மிகைச்சுரப்பே தாகத்தைத் தூண்டி நீர்த்த சிறுநீரைக் கொடுப்பதால், ஒப்படர்த்தி குறைவு என்பதை வைத்துச் சிறுநீரகத்தைக் குற்றம் சாட்டவும் முடியாது.

மறைப்பது ஒருபக்க விவகாரமும் கிடையாது. சிறுநீரக நோய் முற்றிய பூனையில், உடல் நலிவினாலேயே டி-4 இறங்கும். உண்மையில் தைராய்டு மிகையாக இருந்தும் எண் இயல்பின் மேல்விளிம்பில் நின்றுகொண்டு ‘நோயில்லை’ என்று சொல்லும். மெலிந்த, பசியுள்ள, தண்ணீர் நிறையக் குடிக்கும் கிழப்பூனைக்கு டி-4 3.8 என்று வந்தால் கோப்பை மூடிவைத்துவிடக் கூடாது. சில வாரம் கழித்து மீண்டும் எடுக்க வேண்டும், முடிந்தால் புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் இருக்கும் கட்டுறா டி-4-ஐயும் சேர்த்து.

சிகிச்சை தொடங்கியதும் திரை விலகுகிறது. மாத்திரை, அறுவை, கதிரியக்க அயோடின், அயோடின் குறைத்த தனி உணவு என்று நான்கு வழிகள் உண்டு. கதிரியக்க அயோடின் ஒரே ஊசியில் பெரும்பாலான பூனைகளைக் குணப்படுத்திவிடும். ஆனால் அதன் அரைவாழ்வு 8 நாள். அதுவரை பூனையை வைத்துப் பராமரிக்கத் தடுப்புச் சுவருள்ள தனி வார்டும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் வேண்டும். தேனி மாவட்டத்துப் பூனைக்கு நடைமுறையில் மாத்திரைதான். மெத்திமசோல் அல்லது கார்பிமசோல். இரண்டாவது உடலுக்குள் போய் முதலாவதாக மாறிவிடும். மனிதருக்குக் கொடுக்கும் கார்பிமசோல் எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பதால் இங்கே ஆபத்தும் உண்டு. பூனைக்கான தொடக்க அளவு மிகச் சிறியது. அதை மருத்துவர் எடைபார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் ஆச்சிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுப்பது வைத்தியமாகாது. கருவுற்ற பெண்கள் அந்த மாத்திரையைப் பொடிக்கவோ, பூனையின் மலசலத் தொட்டியைச் சுத்தம் செய்யவோ கூடாது. கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. தனி உணவு வழி நம் ஊருக்கு ஏன் எடுபடாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: கருவாடு. கடல் மீனில் அயோடின் மிகுதி. அயோடின் குறைத்த தீனியைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுவிட்டு, சோற்றோடு ஒரு துண்டு நெத்திலி வைத்தால் எல்லாம் வீண்.

மாத்திரை தொடங்கி ஒரு மாதத்துக்குள் சிறுநீரகத்தின் வடிதிறன் இறங்குகிறது. இறங்கிய இடத்தில் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஆறு மாதம் தொடர்ந்து அளந்தவர்கள் அதன்பின் பெரிய மாற்றம் காணவில்லை. அந்த ஒரு மாதத்தில் கிரியேட்டினின் ஏறி, அதுவரை மறைந்திருந்த சிறுநீரக நோய் வெளியே தெரியும் பூனைகளின் விகிதம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஏறத்தாழ 15 முதல் 50 சதவீதம்வரை சொல்லப்படுகிறது. சிறிய எண்ணிக்கை இல்லை.

அப்போது வீட்டார் கேட்கும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். “ஏன் சார், மாத்திரை குடுத்ததாலதான கிட்னி போச்சு?”

“இல்லம்மா, கிட்னி முன்னமே போயிருந்துச்சு. இப்பத்தான் கண்ணுல படுது” என்று மருத்துவர் சொன்னால், அது தட்டிக்கழிக்கும் பதிலாகத்தான் கேட்பவர் காதில் விழும். ஆனால் அதுதான் உண்மை. நெஃப்ரான்கள் முன்பே குறைந்திருந்தன. விரட்டல் நின்றதும் உண்மையான இருப்பு தெரிகிறது. அப்படியானால் விரட்டலை விட்டுவைத்தால் என்ன, தைராய்டுக்குச் சிகிச்சையே செய்யாமல் கிரியேட்டினினை 1.1-இலேயே வைத்திருக்கலாமே என்று தோன்றும். அது கணக்கேட்டில் மட்டும் அழகாக இருக்கும். நாட்கணக்கில் அழுத்தத்தில் வடிகட்டும் நெஃப்ரான்களிலிருந்து புரதம் கசிகிறது. அந்த அழுத்தமே அவற்றைச் சேதப்படுத்தக்கூடும். இதயச்சுவர் தடிக்கிறது. பூனை எலும்பும் தோலுமாகிச் சாகிறது. கிரியேட்டினின் கடைசிவரை அழகாகவே இருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குழி உண்டு; இந்த அத்தியாயத்தில் வாசகர் எதையாவது நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். 2010-இல் லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் திமோத்தி வில்லியம்ஸ், ஜோனதன் எலியட், ஹாரியட் சைம் ஆகியோர், சிகிச்சை பெற்ற தைராய்டு பூனைகளின் ஆயுளைக் கணக்கிட்டார்கள். சிகிச்சைக்குப் பின் சிறுநீரகக் குறை வெளிப்பட்டும் தைராய்டு இயல்பு நிலையில் இருந்த பூனைகள், குறை வெளிப்படாத பூனைகளைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சீக்கிரம் சாகவில்லை. சீக்கிரம் செத்தவை வேறு: மருந்து அதிகமாகித் தைராய்டு இயல்புக்குக் கீழே போய், அதோடு சிறுநீரகக் குறையும் சேர்ந்துகொண்டவை. ஹார்மோன் மிகக் குறைந்தால் இதயத்தின் வேகம் தளர்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் இன்னும் குறைகிறது. ஏற்கெனவே பாதியாக இருப்பது கால்வாசியாகச் செயல்படுகிறது.

எண்களை வைத்துச் சொன்னால் தெளிவாகும். ஒரு கற்பனைப் பூனை. 13 வயது, எடை 2.9 கிலோ. முதல் சோதனையில் டி-4 9.2, கிரியேட்டினின் 1.1. மாத்திரை தொடங்கி ஒரு மாதத்தில் டி-4 இயல்புக்கும் கீழே 0.4, கிரியேட்டினின் 2.7. பார்த்தவுடன் ‘கிட்னி போய்விட்டது’ என்று பயந்து மாத்திரையை நிறுத்துவது முதல் தவறு. ‘தைராய்டு நன்றாக அடங்கிவிட்டது, கிட்னிக்கு வேறு வைத்தியம் பார்ப்போம்’ என்று அதே அளவைத் தொடர்வது இரண்டாவது தவறு. மாத்திரையின் அளவைக் குறைத்து டி-4-ஐ 2-க்கு அருகே கொண்டுவந்தால், கிரியேட்டினினும் கூடவே 2-ஐ ஒட்டி இறங்கி வரலாம். அந்த 2தான் இந்தப் பூனையின் சிறுநீரகத்தைப் பற்றிய முதல் உண்மையான எண். அதை வைத்துத்தான் நோயின் கட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். உலக அளவில் கால்நடைச் சிறுநீரக நோயை வகுக்கும் ஐரிஸ் அமைப்பின் அட்டவணைப்படி பூனைக்கு 1.6-லிருந்து 2.8வரை இரண்டாம் கட்டம், 5.0வரை மூன்றாம் கட்டம், அதற்கு மேல் நான்காம் கட்டம். இரண்டாம் கட்டத்துப் பூனை, பாஸ்பரஸ் குறைந்த உணவும் கவனிப்பும் இருந்தால் ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழும்.

இந்த எண்கள் போடியில் எப்படிக் கிடைக்கின்றன என்பதில்தான் ஒரு பொல்லாத சிக்கல். சிற்றூர்களில் பூனையின் ரத்தம் பல நேரம் மனிதர்களுக்கான ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குத்தான் போகும். கிரியேட்டினினை அளப்பதில் பெரிய குறை வராது. கருவி பூனை, மனிதன் என்று பார்ப்பதில்லை. ஆனால் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகும் ‘இயல்பு அளவு’ மனிதருடையது. மனிதருக்குக் கிரியேட்டினின் 1.2வரைதான் இயல்பு, பூனைக்கு 1.5-உம் இயல்பே. நல்ல சிறுநீரகமுள்ள பூனைக்குத் தாளில் ‘அதிகம்’ என்று கொட்டை எழுத்தில் வரும். டி-4 விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். மனிதருக்கு ஏறத்தாழ 5-லிருந்து 12 மைக்ரோகிராம்வரை இயல்பு. பூனைக்கு ஏறத்தாழ 1-லிருந்து 4வரைதான். டி-4 9.2 உள்ள, இதயம் பிய்த்துக்கொண்டு ஓடும் நம் கற்பனைப் பூனைக்கு அந்தத் தாள் ‘இயல்பு’ என்று சான்றிதழ் கொடுக்கும். மருந்தால் சரியாக 2-க்கு வந்துவிட்ட பூனைக்குத் ‘தைராய்டு குறைவு’ என்று பயமுறுத்தும். ஒரே தாளில் நோயுள்ள உறுப்பை நலம் என்றும், நலமான உறுப்பை நோய் என்றும் சொல்லக்கூடிய விபத்து இது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்-ஐ மனிதருக்கான கருவியில் சோதிப்பதில் பயனே இல்லை. பூனையின் டிஎஸ்எச்-ஐ அது சரியாக அறியாது. பெரும்பாலும் நாய்க்கென்று உருவாக்கிய சோதனையைத்தான் பூனைக்கும் பயன்படுத்துகிறார்கள். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிடுபவர்கள் அலகையும் கவனிக்க வேண்டும். நம் தாளில் 1.6 என்று இருக்கும் கிரியேட்டினின் பிரிட்டிஷ் புத்தகத்தில் 140 என்று இருக்கும்.

மலையிலிருந்து வரும் பூனைக்கு வேறொரு தொல்லை. போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, ஜீப்பில் கூடைக்குள் அலறிக்கொண்டே வரும் பூனை வழியில் வாந்தி எடுத்திருக்கும். மேலே குளிரிலிருந்து கீழே வெக்கைக்கு வந்திருக்கும். நீர் வற்றினால் கிரியேட்டினின் ஏறும். பயத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். வந்தவுடன் ஊசி குத்தாமல், அமைதியான மூலையில் கொஞ்ச நேரம் கூடையிலேயே விட்டுவிட்டு, முதலில் ரத்த அழுத்தத்தை அளந்து, பிறகு ரத்தம் எடுப்பது நல்லது. அழுத்தம் 160-ஐத் தாண்டித் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். 180-ஐத் தாண்டினால் விழித்திரை பிரிந்து ஒரே இரவில் பார்வை போய்விடும் அபாயம் உண்டு. தைராய்டு அடங்கிய பிறகு புதிதாக ரத்த அழுத்தம் ஏறும் பூனைகளும் உள்ளன. ஆகவே முதல் நாளில் சரியாக இருந்தது என்று இதை விட்டுவிட முடியாது.

எப்போதெல்லாம் சோதிப்பது? மருந்துக்கு முன் ஒருமுறை: டி-4, கிரியேட்டினின், யூரியா, ரத்த அணுக்கள், சிறுநீர், ரத்த அழுத்தம், எடை. தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி. அளவை மாற்றும்போதெல்லாம் இதே இடைவெளியில் மறுபடி. எண்கள் நிலைத்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீரகக் குறை தெரிந்த பூனைக்கு மூன்று மாத இடைவெளியை நீட்டக் கூடாது. முதல் மூன்று மாதம் மருந்தின் பக்கவிளைவுகளுக்கும் உரிய காலம். முகத்தை ரத்தம் வர உரசிச் சொறிந்தாலோ, சோறு இறங்காவிட்டாலோ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

சோதனைகளுக்கு இடையே வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு காரியங்கள் உண்டு, இரண்டுக்கும் செலவில்லை. ஒன்று எடை. ஏலக்காய் நிறுக்கும் மின்னணுத் தராசு ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதைவிடத் துல்லியமான கருவி பல மருத்துவமனைகளில்கூட இருக்காது. பூனையைக் கூடையோடு வைத்து, கூடையைக் கழித்து, வாரம் ஒரே நாளில் நிறுத்துக் குறித்துவையுங்கள். மூன்று கிலோப் பூனை 150 கிராம் இழப்பதைக் கை உணராது, தராசு உணரும். இரண்டாவது தண்ணீர். காலையில் அளந்து வைத்து, மறுநாள் காலையில் மிச்சத்தை அளக்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்திருந்தால் மிகத் தாகம் என்பதில் சந்தேகம் வேண்டாம். சிறுநீர் பிடிப்பது கொஞ்சம் தந்திரமான வேலை. தொட்டியில் மணலுக்குப் பதில், கழுவிக் காயவைத்த மீன்தொட்டிக் கூழாங்கல்லைப் பரப்பினால் அடியில் தேங்கும்; அதை அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஒப்படர்த்தி பார்க்கும் ஒளிவிலகல்மானியின் தத்துவத்தைக் கம்பம் பள்ளத்தாக்கு வாசகர்கள் அறிந்திருக்கலாம். திராட்சையின் இனிப்பை அளப்பதும் அதே வகைக் கருவிதான், அளவுகோல் மட்டும் வேறு.

மனிதர்களுக்கும் இந்தக் கதை அன்னியமில்லை. தைராய்டு மிகையானவர்களுக்குக் கிரியேட்டினின் இறங்குவதும், தைராய்டு குறைந்தவர்களுக்கு ஏறுவதும், மாத்திரையால் சரிசெய்ததும் திரும்புவதும் மருத்துவர்களுக்குத் தெரிந்ததே. நமக்கு நெஃப்ரான் இருப்பு அதிகம், நோய் பெரும்பாலும் நடுவயதில் வருகிறது. அதனால் திரை விலகும்போது பின்னால் பெரிதாக எதுவும் தெரிவதில்லை. பூனைக்கு நோய் வருவதே முதுமையில்.

தேனி மாவட்டத்திலேயே 2020-இல் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டுவிட்டது. 10 வயதைத் தாண்டிய பூனை வீட்டில் இருந்தால் அது நன்றாக இருக்கும்போதே ஒருமுறை கொண்டுபோய் டி-4, கிரியேட்டினின், எடை மூன்றையும் எடுத்துத் தேதியோடு எழுதி வாங்கிவையுங்கள். பிற்பாடு எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். கிரியேட்டினின் மட்டும் போதும், டி-4-க்குச் செலவு எதற்கு என்று யாராவது சொன்னால், இரண்டையும் ஒரே நாளில், ஒரே குப்பி ரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.